துணி வெட்டும்போது நாடகம் ஆகாது

தையல் வேலையில் கண் துணிமேல் இருக்க வேண்டும், கை ஊசிமேல் இருக்க வேண்டும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். அதனால்தான் ஒரு காலத்தில் வானொலி இல்லாத தையல் கடையைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. பிறகு தொலைக்காட்சி வந்தது, கைபேசி வந்தது. ஓடுகிற படத்தை எதிரில் வைத்துக்கொண்டு காலர் தைக்கிற கடையில் என் சட்டைத் துணியை நான் கொடுக்க மாட்டேன்.

என் தையல் கடை மதுரைக்கு அருகே சோழவந்தானில் இருக்கிறது. கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை ஆகாசவாணி ஓடிக்கொண்டிருக்கும். பாட்டுக்காக வைப்பதில்லை, பேச்சுக்காகத்தான். காலையில் மங்கல இசை, பிறகு ஐந்து நிமிடச் சிந்தனை, மாநிலச் செய்தி, தேசியச் செய்தி, நண்பகலில் மகளிருக்கும் உடல்நலத்துக்குமான பேச்சு, இடையிடையே நாட்டுப்பாடலும் கர்நாடக இசையும், மாலையில் வேளாண்மை, இரவில் நாடகமோ உரையோ என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்துகொண்டே இருக்கும். இவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டு எப்படி வேலை ஓடுகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஓடும். எந்த வேலையோடு எந்தப் பேச்சைச் சேர்ப்பது என்று ஓர் ஒழுங்கு இருந்தால் போதும். பூக்கட்டுபவர்களுக்கும், அப்பளம் போடுபவர்களுக்கும், கூடை முடைபவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த ஒழுங்கை நான் கற்றது மதுரைப் புதுமண்டபத்தில். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூணுக்குத் தூண் தையல் மெஷின் போட்டிருந்த காலத்தில் அங்கே காஜா (பட்டன் துளை) கட்டும் பையனாகச் சேர்ந்தேன். (இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.) எங்கள் மாஸ்டர் கத்தரியைக் கையில் எடுக்கும் முன் வானொலியின் திருகை அணைத்துவிடுவார். அப்போது நாடகத்தில் கதாநாயகி கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாலும் சரிதான். "தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. துணி வெட்டும்போது நாடகம் ஆகாது" என்பார். நாங்கள் முணுமுணுப்போம். அவர் காதில் வாங்க மாட்டார்.

அவருடைய விதியோடு இன்னொன்றை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அளவு எடுக்கும்போதும் வானொலி கூடாது. நாடாவைப் பிடித்துக்கொண்டு மார்பு முப்பத்தெட்டு, தோள் பதினேழரை என்று நான் சொல்ல, பையன் நோட்டில் எழுதுகிற நேரத்தில், செய்தியில் அதிகபட்ச வெப்பநிலை முப்பத்தொன்பது டிகிரி என்று வந்தால் எந்த எண் நோட்டில் ஏறும் என்று யாருக்குத் தெரியும்? எண்ணோடு எண் மோதக் கூடாது. ஒலியைக் குறைப்பதும் போதாது. குறைத்து வைத்தால் காது இன்னும் கூர்ந்து கேட்கும். அணைத்துவிட வேண்டும்.

ஆனால் முதலில் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமே. பாட்டில் இரைச்சல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பேச்சில் ஓர் எழுத்து போனாலும் பொருள் போய்விடும். மதுரை நிலையத்துக்கு மத்திய அலை 1269 கிலோஹெர்ட்ஸ், பண்பலை 103.3. இவை தவிர, கொடைக்கானல் பண்பலை 100.5 எங்கள் பக்கம் நன்றாக விழும். பண்பலை நேர்கோட்டில் போகிற அலை என்பதால் கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் எட்டும். கொடைக்கானல் கோபுரம் மலைமேல் இருக்கிறது, சமவெளியில் இருக்கும் எங்களுக்கு அது லாபம்.

மத்திய அலையில் கேட்கும் தையல்காரர்களுக்குப் பெரிய எதிரி அவர்களுடைய மெஷின் மோட்டார்தான். கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் சுற்றும்போது உள்ளே சிறு சிறு பொறிகள் தெறிக்கும். அது அப்படியே வானொலியில் கரகரவென்று ஏறும். மிதி மெஷினில் இந்தத் தொல்லை இல்லை. மலிவான எல்இடி பல்பும் சார்ஜரும் இதே வேலையைச் செய்கின்றன. எது இரைக்கிறது என்று கண்டுபிடிக்க, வானொலியை பேட்டரியில் போட்டுவிட்டு, கடையில் உள்ள சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எங்கள் கடையில் சாமி படத்துக்கு மேலே எரிந்த சிறு விளக்குதான் பெரிய குற்றவாளியாக இருந்தது. இன்னொன்று: மத்திய அலைக்கான ஆன்டெனா பெட்டிக்குள்ளேயே ஒரு கறுத்த கம்பியாகப் படுத்திருக்கிறது. வெளியே நீட்டும் ஏரியல் அதற்கு உதவாது. பெட்டியைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். கால்வட்டம் திருப்புவதற்குள் நிலையம் மங்கித் தெளிவதைக் கேட்கலாம். தெளிந்த இடத்தில் மேசையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிட்டால், துடைக்கிறேன் என்று யாராவது நகர்த்தினாலும் பழைய இடத்தில் வைக்கலாம். தகர ஷட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

காலை ஒலிபரப்பு தொடங்கும்போது வரும் அடையாள இசையைத் தெரியாதவர் இல்லை. அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். நாஜிகளிடமிருந்து தப்பி பம்பாய்க்கு வந்து வானொலியில் வேலை பார்த்த யூதர், 1930களில் அதை உருவாக்கினார். அதைத் தொடர்ந்து வந்தே மாதரம், பிறகு மங்கல இசை. இந்த நேரம் எனக்குக் கூட்டிப் பெருக்கவும், மெஷினுக்கு எண்ணெய் விடவும், பாபின்களில் நூல் சுற்றி வைக்கவும். மூளைக்கு வேலை கொடுக்காத ஒலிக்கு மூளைக்கு வேலை இல்லாத பணி.

செய்திக்கு நேர்த்தையல். கால்சட்டைப் பக்கத் தையல், தலையணை உறை, பள்ளிச் சீருடைப் பாவாடை என்று கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடியவை. மெஷின் சத்தத்தில் ஒரு வாக்கியம் போனாலும் கவலை இல்லை. தலைப்புச் செய்திகளைத் தொடக்கத்தில் சொன்ன பிறகு முடிவில் இன்னொரு முறை சொல்வார்கள். எனவே தொடக்கத்தை விட்டவர் கடைசி நிமிடத்தில் மிதியை நிறுத்தினால் போதும். என் வயதுக்காரர்களுக்குக் காலை ஏழேகால் மணிச் செய்தி என்றால் சரோஜ் நாராயணசுவாமியின் குரல்தான். 2022 ஆகஸ்டில் அவர் காலமானார். மகிழ்ச்சியான செய்தியானாலும் துயரச் செய்தியானாலும் குரலில் ஒரு நூலளவுகூட ஏற்றத்தாழ்வு காட்டாமல் வாசித்தவர். இன்று கத்திக் கத்திச் செய்தி சொல்பவர்களைக் கேட்கும்போது அந்த அடக்கம் எவ்வளவு பெரிய பயிற்சி என்று புரிகிறது.

செய்தியில் எங்கள் ஊருக்கு முக்கியமானது அணை நிலவரம். முல்லைப் பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி, திறப்பது எத்தனை கன அடி. பெரியாற்றில் 142 அடிவரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அன்றன்று சொல்கிற எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். நான் கேட்டதும் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸை எடுத்துக் கடைக் கதவின் உட்பலகையில் எழுதிவிடுவேன். நேற்றைய எண்ணை அழிக்காமல் பக்கத்தில் எழுத வேண்டும். ஒரே எண்ணைப் பார்த்து என்ன பயன்? ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் நாற்று விடலாமா வேண்டாமா என்று சொல்லும். துணி தைக்கக் கொடுக்காதவர்கள்கூடக் கதவைப் பார்ப்பதற்காக வந்து போகிறார்கள்.

நண்பகலில் மகளிர் நிகழ்ச்சி, மருத்துவர் நேர்காணல் எல்லாம் வரும்போது கைத்தையல். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங், ஊக்கு தைப்பது. மெஷின் ஓடாததால் ஒவ்வொரு சொல்லும் விழும். மருத்துவர் பேச்சுக்கு அந்தத் தெளிவு அவசியம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது, தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வந்ததே தெரியாது என்று ஒரு மருத்துவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜாக்கெட் வாங்க வந்திருந்த ஓர் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே காலைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மருந்துப் பெயர் சொல்லிப் பேசுகிற இடங்களில் மட்டும் எங்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வானொலியில் கேட்ட மாத்திரையை யாரும் என்னிடம் எழுதித் தரச் சொல்லக் கூடாது. அவரவர் மருத்துவரிடம் கேட்கட்டும்.

நாடகத்துக்குக் காஜா. பட்டன் துளையைச் சுற்றி நூலை நெருக்கி நெருக்கிக் கட்டுகிற வேலை, ஒரே அசைவு, சத்தமே இல்லாத வேலை. வானொலி நாடகத்தில் கதவு கிறீச்சிடுவதும், தம்ளரில் தண்ணீர் விழுவதும், ஒருவர் பேச்சை நிறுத்தி மூச்சு விடுவதும் கதை. அதைத் தவறவிட்டால் யார் வந்தார், யார் போனார் என்பதே தெரியாது. அரைமணி நாடகத்தைப் பாதியில் கேட்கத் தொடங்குவது வீண். அந்த நேரத்துக்கு என்றே காஜா வேலையைச் சேர்த்து வைத்துவிடுவேன். கைக்காஜா கேட்பவர்கள் குறைந்துவிட்டதால் நாடகத்துக்கு ஏற்ற வேலையும் குறைந்துவிட்டது என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் தினமும் தகவல் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் பேசும் நேரத்தில் நானும் மாஸ்டரும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவோம். நான்கைந்து நிமிடம் கதை போகும், நகைச்சுவை கடைசி வாக்கியத்தில் இருக்கும், சொல்லிவிட்டு அவர் சிரிக்க மாட்டார். அந்தக் கடைசி வாக்கியத்தில் மெஷின் ஓடினால் அவ்வளவும் போயிற்று. வேளாண் செய்திப் பிரிவில் தொடங்கியவர் அவர் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். உழவர்களிடம் பேசிப் பழகியவருக்குத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்ல வரும்.

மாலையில் வேளாண் நிகழ்ச்சி வரும்போது என் கடையில் கூட்டம் இருக்கும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கொடிக்கால் வைத்திருப்பவர்கள் அகத்தி நட்டு, கொடி ஏற்றி, நாள் தவறாமல் பார்க்க வேண்டியவர்கள். அவர்களுக்கு மழைக்காலம் வந்தால் வாடல் நோய்க் கவலை. ஒரு மாலை வாடலுக்கு போர்டோ கலவை ஊற்றுவதைப் பற்றி ஒரு வல்லுநர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிகழ்ச்சி முடிந்ததும், "ஒரு சதவீதம்தானே தம்பி சொன்னார்?" என்றார். இன்னொருவர், "கால் சதவீதம்" என்றார். இருவரும் சத்தம் போடத் தொடங்கிவிட்டார்கள். நான் வழக்கம்போல எழுதி வைத்திருந்தேன்: வேரில் ஊற்ற 0.25 சதவீதம். அதாவது நூறு லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் கால் கிலோ, சுண்ணாம்பு கால் கிலோ. ஒரு சதவீதம் என்றால் நான்கு மடங்கு ஆகிவிடும். கொடி தாங்குமா?

அன்றிலிருந்து வேளாண் நிகழ்ச்சி நேரத்தில் மெஷினில் உட்காருவதை விட்டுவிட்டேன். பட்டன் தைக்கிறேன், அல்லது ஒன்றும் செய்வதில்லை. பக்கத்தில் அளவு நோட்டின் கடைசிப் பக்கம் திறந்திருக்கும். மூன்றை மட்டும் எழுதுவேன். பயிர், மருந்தின் அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை. மற்றதெல்லாம் நினைவில் நிற்கும், இந்த மூன்று நிற்காது. பேசுபவரின் பெயரைவிட அவர் எந்த ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர் என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம். வானொலிப் பேச்சைக் கேட்டு வயலில் இறங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1960களில் ஏடிடீ 27 நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விடாமல் சொன்னதைக் கேட்டுத் தஞ்சாவூர் உழவர்கள் அதை நட்டார்கள், ரேடியோ நெல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

வானொலிக்கு நான் பேசப் போனதையும் சொல்ல வேண்டும். பள்ளிச் சீருடையைப் பற்றிப் பேச ஒரு தையல்காரர் வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. மதுரை நிலையம் சொக்கிகுளத்தில், லேடி டோக் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. பேசப்போவதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். கடைப் பெயர், நூல் கம்பெனிப் பெயர், துணி பிராண்டு எதுவும் கூடாது. அரசியல் கட்சி, யாரையும் புண்படுத்தும் பேச்சு கூடாது என்பதற்கு வானொலியில் எழுதி வைத்த விதிமுறையே உண்டு. என் தாளில் இருந்த நூல் பெயரைத் தயாரிப்பாளர் அடித்துவிட்டு 'தரமான நூல்' என்று மாற்றினார். விளம்பரம் இல்லாமல் ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல நூல் எது என்று சொல்லாமல், எப்படிச் சோதிப்பது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இரு விரலால் இழுத்து, வெட்டென்று அறுகிறதா, நீண்டு அறுகிறதா என்று பாருங்கள் என்றேன். பெயரைச் சொல்வதைவிட அதுதான் கேட்பவருக்கு உதவும்.

பேசப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், தாள்களுக்கு ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், புரட்டும் ஓசை மைக்கில் இடி விழுந்ததாகக் கேட்கும். வீட்டில் கடிகாரத்தை வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். மனத்துக்குள் படித்தால் பத்து நிமிடப் பேச்சு ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். வளையல், சாவிக்கொத்து, சில்லறை எல்லாம் வெளியே. நான் பழக்கதோஷத்தில் கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்துவிட்டேன். அதன் நுனியில் உள்ள பித்தளைத் தகடு மேசையில் பட்டு டிக் டிக் என்று கேட்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டினார்கள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், அதன்பிறகு கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அந்த அறையின் அமைதி வேறு எங்கும் கிடைக்காதது. கனத்த இரண்டு கதவு தாண்டி உட்கார்ந்தால் நம் மூச்சு நமக்கே கேட்கும். முதல் நிமிடம் பயமாக இருக்கும். எதிரில் நம் வாடிக்கையாளர் ஒருவர் நிற்பதாக நினைத்துக்கொண்டு அவரிடம் பேசினால் குரல் இயல்புக்கு வந்துவிடும்.

பண்பலை விழாத ஊர்க்காரர்கள் நியூஸ் ஆன் ஏர் செயலியில் இதே நிலையங்களைக் கேட்கலாம். இணையம் வழியாகச் சுற்றி வருவதால் சில நொடிகள் தாமதமாகத்தான் வரும். அதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டாம். கைபேசியில் வானொலி கேட்பவர்களிடம் எனக்கு ஒரே குறை: நடுவில் அழைப்பு வந்தால் நாடகம் நின்றுவிடும். பழைய பெட்டிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் என் விதிகளெல்லாம் தளரும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் அதிகாலை, மதுரை நிலையம் நேர்முக வர்ணனை செய்யும். அழகர் வேடத்துக்கான சல்லடம் என்ற அரைக்கால்சட்டையும் உருமால் என்ற தலைப்பாகையும் தைத்துக் கொடுத்து முடித்திருக்கும் நேரம் அது, கையில் வேலை இருக்காது. எங்கள் ஊர்ப் பெருமாளும் ஆற்றில் இறங்குவார் என்பதால் மதுரைக்குப் போக முடியாத நான் காதால்தான் அங்கே போகிறேன். வர்ணனையாளர் கூட்டத்தைச் சொல்வார், தங்கக் குதிரையைச் சொல்வார், நான் காத்திருப்பது ஒரே ஒரு சொல்லுக்கு: அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார்? பச்சை என்றால் மழை, விளைச்சல் என்று ஊர் மகிழும். எனக்கு அதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. அடுத்த வாரமே அந்த நிறத்தில் ஜாக்கெட் தைக்கப் பெண்கள் வரிசையாக வருவார்கள். விளக்குத்தூண் பக்கம் இருக்கும் மொத்தக் கடைக்காரர் கூட்டத்தில் நின்று சாமி பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரிந்தும் உடனே அழைத்துவிடுவேன். பச்சை லைனிங்குக்கும் நூலுக்கும் என் பெயரைத்தான் அவர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.